ஒல்லாந்தர் போகாத கொழும்பை வரைய: தேசிய நூதனசாலை எதற்கு உதவும், எதற்கு உதவாது

மாற்று வரலாற்றுக் கதைக்கோ, கொமிக்ஸுக்கோ, கேமுக்கோ உலகம் வரைபவர்கள் ரெஃபரன்ஸ் தேடும் வேலையை இணையப் படங்களிலேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. கொழும்பில் இருந்துகொண்டு அப்படிச் செய்வது பெரிய இழப்பு. கொழும்பு 7, சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் இருக்கும் தேசிய நூதனசாலைக்குச் சரியான கேள்வியோடு போனால், பல மாத வரைவு வேலைக்குத் தேவையான பொருள் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். கேள்வி இல்லாமல் போனால் போனில் நானூறு படங்கள் சேரும். வரைய உட்காரும்போது அவற்றில் ஒன்றும் கைகொடுக்காது.

இந்த மதிப்புரைக்கு ஓர் உலகத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். 1796 பெப்ரவரியில் ஒல்லாந்தர் கொழும்பை ஆங்கிலேயரிடம் கையளித்தார்கள். அது நடக்கவில்லை, கரையோரம் ஒல்லாந்தரிடமே இருந்தது, கண்டி அரசும் 1815இல் விழவில்லை, இரண்டும் 1896 வரை அக்கம்பக்கமாக வாழ்ந்தன என்று வைப்போம். இனி நூதனசாலையில் எந்தப் பொருளின் முன் நின்றாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது 1796க்கு முந்தியதா, பிந்தியதா? முந்தியது என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நூறு வருடம் வளர்க்க வேண்டும். பிந்தியது என்றால், அதைப் பிறப்பித்த காரணம் உங்கள் உலகத்திலும் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

முதலில் இந்தச் சோதனையில் விழுவது நூதனசாலைக் கட்டடமேதான். ஆங்கிலத் தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் காலத்தில், ஜேம்ஸ் சிமிதர் வரைந்த இத்தாலிய பாணித் திட்டப்படி எழுந்து, 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அந்த வெள்ளை முகப்பை உங்கள் ஒல்லாந்தக் கொழும்பின் பின்னணியில் வரைந்தால் கதை அங்கேயே உடைந்துவிடும். ஆனால் இதைக் கட்டிக் கொடுத்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற கொழும்பு முஸ்லிம் கட்டடக்காரர். தேசாதிபதி யாராக இருந்தாலும் கொழும்பில் கல் அடுக்கியவர்கள், சுண்ணாம்பு குழைத்தவர்கள், மரம் இழைத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். உங்கள் உலகத்திலும் அந்தக் கைகள் இருக்கும், கட்டடத் திட்டம்தான் மாறும். இதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

கீழ்த்தளத்தில் கண்டி அரசரின் சிம்மாசனத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மாற்று வரலாற்றுக்காரருக்கு இலங்கையில் இதைவிடப் பெறுமதியான ஒற்றைப் பொருள் இல்லை என்பது எங்கள் துணிவு. 1693இல் ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் ரே இதை இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். 1815 வரை கண்டி மன்னர்கள் இதில் அமர்ந்தார்கள். ஆங்கிலேயர் எடுத்துப்போய் வின்சர் கோட்டையில் வைத்திருந்து, 1934இல் திருப்பிக் கொடுத்தார்கள். வடிவம் அந்தக் கால ஐரோப்பிய நாற்காலியின் வடிவம், ஆனால் முதுகுச் சாய்வின் உச்சியில் சூரியன், கைப்பிடிகளில் சிங்கம். இரண்டும் கண்டி அரசுக்கு உரிய சின்னங்கள். அதாவது, கொடுப்பவர் வாங்குபவரின் மொழியைத் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார். உங்கள் 1896 உலகத்தில் இந்த இரண்டு அரசுகளும் ஒன்றுக்கொன்று அனுப்பும் பரிசு, கொடி, முத்திரை, தூதுவர் வண்டி எல்லாவற்றுக்கும் இலக்கணம் இதுதான்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது லெவ்கே பீரங்கி. ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமான வெண்கலப் பீரங்கி. பொன், வெள்ளி, மாணிக்கக் கல் வேலை. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைத் தாக்கியபோது கொள்ளையடித்தது. அம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் நீண்ட காலம் இருந்து, 2023 டிசம்பரில் பொன் வாள், வெள்ளி வாள், கத்தி, இரண்டு துப்பாக்கிகள் ஆகியவற்றோடு இந்த நூதனசாலையிடம் கையளிக்கப்பட்டது. அன்றைக்குப் பார்வைக்கு இருக்கிறதா என்பதை நுழைவுச்சீட்டு எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பீரங்கியிலும் சூரியன் உண்டு, சிங்கம் உண்டு, பிறையும் உண்டு. ஆனால் இங்கே அவற்றை அலங்கரிப்பது கண்டிப் பாணிப் பூங்கொடி வேலைப்பாடு. ஒரே சிங்கம், இரண்டு கைகள். இரண்டையும் ஒரே பக்கத்தில் அருகருகே பென்சிலால் வரையுங்கள்: பிடரி மயிர் எப்படிச் சுருள்கிறது, இலை எங்கே மடிகிறது, வெறுமையாக விடப்பட்ட இடம் எவ்வளவு. இதைக் கமராவிடம் விட்டால் பிடிபடாது. கை வரைந்தால்தான் ஒரு பாணி எந்த இடத்தில் மற்றதாக மாறுகிறது என்று கண்ணுக்குப் பழகும். அந்த மாறும் இடம்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய 1896 பாணி.

அடுத்து ஒல்லாந்தர் கால மரச்சாமான்கள். வட்ட இருக்கை, அரைவட்ட முதுகு, ஆறு கால்கள் கொண்ட பேர்கோமாஸ்டர் நாற்காலி, பித்தளைப் பட்டை அடித்த பெட்டகம், பிரம்பு பின்னிய இருக்கைகள். இவற்றில் எல்லோரும் செய்யும் தவறு நிறத்தில். காட்சியில் இருக்கும் பலா மரச் சாமான் கடும் பழுப்பு. அதைப் பார்த்துவிட்டு 1750இன் வீட்டையும் கடும் பழுப்பாக வண்ணமிடுகிறார்கள். பலா மரம் வெட்டிய புதிதில் நல்ல மஞ்சள். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டுத்தான் பல வருடத்தில் கருக்கிறது. முதிரையும் பொன் மஞ்சள். கருங்காலிதான் தொடக்கத்திலிருந்தே கறுப்பு. ஆகவே புதுப்பணக்காரர் வீட்டில் நாற்காலி மஞ்சளாகவும், பழங்குடும்பத்து வீட்டில் அதே நாற்காலி பழுப்பாகவும் இருக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தாலேயே, வசனம் இல்லாமல், ஒரு குடும்பத்தின் வயதைச் சொல்லிவிடலாம். துணிக்கும் இது பொருந்தும்: வெல்வெட்டின் மேற்பரப்பு வெளிறியிருக்கும், மடிப்பின் உள்ளே, ஆணியின் அடியில் பழைய நிறம் தங்கியிருக்கும். நிறத்தை அங்கிருந்து எடுங்கள். கண்ணைப் பறிக்கும் ஊதாவும் மஜந்தாவும் 1856க்குப் பிறகு வந்த செயற்கைச் சாயங்களின் பிள்ளைகள். உங்கள் கதை 1896 என்றால் அவை சந்தையில் இருக்கலாம், ஆனால் பாட்டியின் பெட்டகத்தில் இருக்க முடியாது.

நாணயங்களைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. வி, ஓ, சி எழுத்துகள் பின்னிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை அழகானது. அதனாலேயே ஒல்லாந்த மாற்று வரலாறு என்றவுடன் கதவு, கொடி, தொப்பி எங்கும் அதை ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் கம்பனி கடனில் மூழ்கி 1799 டிசம்பர் 31ஆம் திகதியோடு கலைக்கப்பட்டது. கடனின் பெரும் பகுதி 1780 முதல் 1784 வரை நடந்த ஆங்கில ஒல்லாந்தப் போரால் வந்தது, அதாவது நம் கற்பனை உலகம் உண்மை வரலாற்றிலிருந்து கிளை பிரியும் 1796க்கு முன்பே. கொழும்பு கைமாறாவிட்டாலும் கம்பனி பிழைத்திருக்காது. 1896க்குப் புதிய அரச முத்திரை ஒன்றை நீங்களேதான் வடிவமைக்க வேண்டும். கம்பனி முத்திரை பழைய கல்லிலும் தேய்ந்த துட்டிலும் மட்டும் தெரியட்டும்.

தமிழில் வேலை செய்பவர்கள் தவறவிடக் கூடாதது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனத் தளபதி செங் ஹேயின் கப்பல்கள் கொண்டுவந்து நாட்டியது, தேதி 1409. 1911இல் காலியில் மதகு மூடியாகக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். கிட்டத்தட்ட 1.45 மீற்றர் உயரம், 76 சென்ரிமீற்றர் அகலம். உச்சியில் எதிரெதிராக இரண்டு சீன டிராகன்கள். வலப்புறம் சீனம் புத்தரைப் போற்றுகிறது, இடப்புற மேற்பகுதியில் தமிழ் தென்னவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்தைப் போற்றுகிறது, அதன் கீழே பாரசீகம் அல்லாஹ்வைப் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியலும் உண்டு: பொன் 1,000, வெள்ளி 5,000, எண்ணெய் 2,500 கட்டி (சீன நிறை அளவு), பட்டு, விளக்கு, தூபக்கால். இப்படி எண்ணிக்கையோடு வரும் பட்டியல் ஓவியருக்குக் கிடைத்த வரம். கப்பலின் சரக்கறையை வரைய வேறு எதுவும் வேண்டாம்.

மும்மொழிப் பலகையை எப்படி வகுப்பது என்பதற்கும் இதுவே மாதிரி. மூன்று எழுத்துக்கும் சம அகலம் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் திசைக்கும் நீளத்துக்கும் ஏற்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இன்றைய கொழும்புப் பெயர்ப்பலகை மாதிரி மூன்று வரியாக அடுக்குவது உங்கள் உலகத்தில் கட்டாயமில்லை.

எழுத்து வடிவத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாற்று வரலாற்றுப் படங்களில் தமிழ் வாசகரை உடனே வெளியே தள்ளுவது இதுதான். பழைய கல்வெட்டிலும் ஏட்டிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி பொதுவாக இடுவதில்லை. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் இடத்தை வைத்துத்தான் வாசித்தார்கள். நாம் இன்று எழுதும் நெடில் அடையாளங்கள் வீரமாமுனிவரோடு, 18ஆம் நூற்றாண்டில் வருகின்றன. ஒல்லாந்தர் கொழும்பில் அச்சுக்கூடம் வைத்தது அதே நூற்றாண்டில்; 1737இல் சிங்களத்தில் அச்சிட்டார்கள், தமிழிலும் அச்சிட்டார்கள். ஆகவே 1896இல் செட்டியார் தெருக் கடைப் பலகையில் புள்ளி இருக்கலாம். ஆனால் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற பழைய சுழியோடும், ணா, றா, னா, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகியவை பழைய கூட்டெழுத்தாகவும் இருக்க வேண்டும். இவற்றைப் பிரித்து எழுதுவது 1978இல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த சீர்திருத்தம். போனில் வரும் எழுத்துருவை அப்படியே பலகையில் ஒட்டினால் நூறு வருடம் பிசகிவிடும். இந்தப் பதின்மூன்று எழுத்துகளை மட்டும் பழைய அச்சுப் புத்தகம் ஒன்றைப் பார்த்துக் கையால் வரைந்து வைத்துக்கொண்டால் போதும்.

படம் எடுப்பது பற்றி. கமரா விதிகளை வாசலில் கேட்டுவிடுங்கள். பிளாஷ் அடிக்க வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருளைப் படமெடுக்கப் போகும் நாளில் கறுப்பு அல்லது கருநீலச் சட்டை அணியுங்கள், வெள்ளைச் சட்டை கண்ணாடியில் அப்படியே தெரியும். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுச் சரிவாக நில்லுங்கள். லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டி இருந்தால் கண்ணாடியின் மினுக்கம் பெரும்பாலும் போய்விடும். உலோகத்தின் மினுக்கத்தை அது அவ்வளவாகக் குறைக்காது. ஒவ்வொரு அறையிலும் சாம்பல் நிற அட்டையை ஒரு முறை படமெடுங்கள். விளக்கு அறைக்கு அறை மாறும், அட்டை இல்லாவிட்டால் எது பித்தளை, எது பொன் முலாம் என்று வீட்டில் பிரிக்க முடியாது. அளவுக்கு: தரை ஓடு ஒன்றின் அகலத்தை முதலில் அளந்து குறித்துவிட்டு, பிறகு பொருளின் அகலத்தை ஓடுகளை எண்ணிக் கணக்கிடுங்கள். ஒரு பொருளுக்கு ஐந்து படங்கள்: முழுமையாக, மூட்டு, தேய்ந்த விளிம்பு, பக்கவாட்டு அல்லது பின்புறம், அருகில் ஆள் நிற்கும்போது. ஐந்தாவது படத்தைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். அது இல்லாமல் வரைந்த வாள்தான் பிறகு பாத்திரத்தின் கையில் துடுப்புப் போல நிற்கும். கடைசியாக, விளக்கப் பலகையையும் ஒரு படம்.

நாற்பது பொருளுக்கு மேல் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். அன்றிரவே கோப்புப் பெயரில் ஆண்டு, பொருள், மூலப்பொருள், எடுத்த இடம் நான்கையும் எழுதிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால் ஆண்டுதான் முதலில் தொலையும். ஆண்டு தொலைந்த படம் இந்த வேலைக்குப் பயனில்லாத படம்.

நூதனசாலை தராதது என்ன? சாதாரண ஆள். அரசர், தேசாதிபதி, பிரபு ஆகியோரின் பொருள்கள்தான் காலத்தைத் தாண்டி வந்திருக்கின்றன. மீன் விற்றவளின் கூடை, சாயக்காரரின் தொட்டி, பல்லக்குத் தூக்கியின் தோள்துணி இங்கே கிடைக்காது. அதற்கு ரைக்ஸ் மியூசியத்தின் இணையத்தளம்தான் வழி. 1662 அளவில் எசாயாஸ் பூர்ஸ் என்ற கம்பனி ஊழியர் இலங்கையில் கண்ட மக்களை நேரில் பார்த்து வரைந்த ஏடு அங்கே இருக்கிறது. குனிந்து வேலை செய்யும் முதுகு, துணியை இடுப்பில் செருகும் முறை, தலையில் சுமை வைக்கும் விதம் எல்லாம் உயிரோடு இருக்கும். 1785, 1786இல் இங்கே இருந்த போதகர் யான் பிராண்டஸின் நிறச் சித்திரங்கள் கிளை ஆண்டுக்குப் பத்து வருடம் முந்தியவை, ஆகவே இன்னும் பெறுமதியானவை. பெரிய அளவிலேயே இலவசமாக இறக்கலாம்.

19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளேற் ஆகிய கொழும்பு ஸ்டூடியோக்களின் படங்கள் அழகானவை. ஆனால் அவை ஆங்கிலக் கொழும்பின் படங்கள், பலவும் பயணிகளுக்கு விற்பதற்காக ஆளை நிறுத்தி எடுத்தவை. நிறமும் ஏமாற்றும்: அந்தக் காலத் தகடுகளுக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியாது. சிவப்புத் துணி கறுப்பாக விழும், நீலத் துணி வெள்ளையாகும், தோல் உண்மையைவிடக் கறுக்கும், வானத்தில் முகில் இருக்காது. வெறிச்சோடிய தெருவென்று நினைப்பதும் தவறு. தகடு நீண்ட நேரம் திறந்திருந்ததால் நடந்தவர்கள் பதியவில்லை.

கட்டடத்துக்கு நூதனசாலையை விட்டு வெளியே வர வேண்டும். கோட்டையில் ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி இன்று கடைகளும் உணவகங்களுமாக இருக்கிறது. நுழைவுச்சீட்டு இல்லை, முற்றத்தில் நின்று நிதானமாக அளக்கலாம். சுவர்த் தடிப்பு, தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி, தாழ்வாரக் கூரையின் சரிவு மூன்றையும் எடுத்துவிட்டால் ஒரு தெரு முழுவதற்கும் போதும். 1757இல் கட்டி முடிந்த வுல்வெண்டால் தேவாலயத்தில் தரையெங்கும் கல்லறைக் கற்கள். குடும்பச் சின்னங்களும் எழுத்து வடிவங்களும் ஆண்டோடு செதுக்கப்பட்டிருப்பதால், தேதி தெரிந்த அலங்கார மாதிரிகள் ஒரே இடத்தில் கிடைக்கும்.

கூரையில் மறுபடி ஒரு பொறி. புறக்கோட்டையின் பழைய கட்டடங்களில் இன்று தெரியும் தட்டையான ஓடு மங்களூர் வகை. மங்களூரில் பாசல் மிஷன் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஒல்லாந்தர் காலக் கூரை அரைவட்டப் பீலி ஓடு. 1896இல் இரண்டும் கலந்திருக்கலாம், புதிய கட்டடத்தில் தட்டை ஓடு, பழையதில் பீலி ஓடு. அதேபோல் பிறகு வெளிச்சவீடாகவும் ஆன மணிக்கூட்டுக் கோபுரம் 1857, கொழும்பு அலைதடுப்பு 1875 முதல் 1885 வரை, கோட்டை மதில் இடிப்பு 1869ஐ ஒட்டி. மூன்றும் ஆங்கிலேயர் முடிவுகள். அலைதடுப்பு இல்லாவிட்டால் பெரிய கப்பல்கள் காலிக்கே போய்க்கொண்டிருக்கும். உங்கள் கொழும்பு மதிலுக்குள் இறுகிய, சற்றுத் தூங்கும் நகரமாக, காலி இரைச்சலான துறைமுகமாக இருக்க வேண்டும். இந்த ஒரு முடிவால் உங்கள் வரைபடத்தின் பாதி மாறிவிடும். கதையின் முதல் காட்சியைக் கொழும்பில் வைப்பதா என்பதையே மறுபடி யோசிக்க வைக்கும்.

நூதனசாலைக்குக் கோட்டையிலிருந்து 138 பஸ் போகிறது. வார நாளில், திறக்கும் நேரமான காலை 9 மணிக்கே போய்விடுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் வந்து சேருமுன் சிம்மாசனத்தின் முன் நின்று வரைய அமைதி கிடைக்கும். பிறகு நாணயம், மரச்சாமான், கடைசியாகக் கல்வெட்டு. பென்சில், அளவு நாடா, சாம்பல் அட்டை, கறுப்புச் சட்டை.